கடன் வாங்கிய தூரம்

என் அக்கா மகன் தேசிய சேவையில் கவசப் படையில் இருந்தான். பயோனிக்ஸ் என்ற கவச வாகனத்தின் ஓட்டுநர். ஆஸ்திரேலியாவுக்குப் பயிற்சிக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பையன் குளியலறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, பூட்ஸைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, பழைய டூத் பிரஷ்ஷால் அடிப்பள்ளங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அது போதாதென்று பல்குத்தும் குச்சியால் ஒவ்வொரு பள்ளமாக நோண்டினான்.

“சண்டைப் பயிற்சிக்குப் போறியா, பொண்ணு பார்க்கப் போறியா?” என்றேன்.

“மண்ணு ஒட்டியிருந்தா உள்ள விடமாட்டாங்க மாமா. இதாவது பூட்ஸ். வண்டியக் கழுவுறதப் பாத்தா நீங்க அழுதுடுவீங்க.”

அவன் சொன்னது மிகையில்லை. சிங்கப்பூர் ராணுவம் ஆண்டுதோறும் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் நடத்தும் ‘வாலபி’ பயிற்சிக்குக் கவச வாகனங்கள் கப்பலில் போகின்றன. கப்பல் ஏறும் முன் ஒவ்வொரு வாகனமும் உயர் அழுத்த நீரால் கழுவப்பட வேண்டும். சங்கிலிப் பட்டையின் ஒவ்வொரு கண்ணியிலும், சக்கரங்களுக்கு இடையிலும், வயிற்றுத் தகட்டின் மேல்பக்கத்திலும் மண் ஒளிந்துகொள்ளும். ஒரு பிடி மண் என்பது வெறும் மண்ணா? அதில் விதை இருக்கும், பூஞ்சை வித்து இருக்கும், நத்தை முட்டை இருக்கும், எறும்பு இருக்கும்.

ஆஸ்திரேலியர்களுக்கு இந்த விஷயத்தில் சூடு கண்ட அனுபவம் உண்டு. தமிழ்நாட்டில் புறம்போக்கிலும் தண்டவாள ஓரத்திலும் வெள்ளைப் பூவோடு மண்டிக் கிடக்கும் பார்த்தீனியத்தை அறியாதவர் இருக்கமாட்டார். மெக்சிகோ வளைகுடாப் பக்கத்துச் செடி அது. தொட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும். மேய்ச்சல் நிலத்தில் புகுந்தால் புல்லைத் தின்றுவிடும். அதே சனியன் குவீன்ஸ்லாந்தையும் பிடித்திருக்கிறது. அங்கே அது இரண்டு முறை நுழைந்ததாகச் சொல்கிறார்கள். 1950களின் இறுதியில் மத்திய குவீன்ஸ்லாந்தின் கிளர்மாண்ட் அருகே, டெக்சாஸிலிருந்து வந்த புல் விதையில் கலந்து வந்தது ஒன்று. அதற்கும் முன்பு மாநிலத்தின் தென்பகுதியில் நுழைந்தது இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் கொண்டுவந்த விமான, எந்திரப் பாகங்களோடு வந்திருக்கலாம் என்பது பொதுவான கருத்து. நட்பு நாட்டு ராணுவம் என்றாலும் கழுவிவிட்டு வா என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரே ஒரு செடி 15,000 விதைக்கு மேல் உதிர்க்கும். ஒரு பூட்ஸ் பள்ளத்தில் எத்தனை அடங்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பாடுபட்டு, வான்வழியே அளந்தால் சுமார் 5,700 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இடத்துக்கு இரும்பைச் சுமந்து போவது எதற்கு? சிங்கப்பூரில் இடமில்லை என்று எல்லோரும் ஒரு வரியில் பதில் சொல்வார்கள். அந்த ஒரு வரிக்குள் இருக்கும் இயற்பியல்தான் எனக்குச் சுவையாகப் படுகிறது.

தீவு கிழக்கு மேற்காக ஏறத்தாழ 50 கிலோமீட்டர். வடக்கு தெற்காக 27. சிங்கப்பூரின் முதன்மை டாங்கியான லெப்பர்ட் 2எஸ்ஜி, ஜெர்மனியிடமிருந்து வாங்கிய லெப்பர்ட் 2ஏ4 ரகத்தில் கூடுதல் கவசம் பூட்டியது. 1,500 குதிரைத்திறன் எஞ்சின். சாலையில் மணிக்கு 70 கிலோமீட்டர். சிவப்பு விளக்கு எதுவும் இல்லையென்றால் தீவை வடக்கிலிருந்து தெற்காக அரை மணிக்குள் கடந்து கடலில் இறங்கிவிடும். 1969 தேசிய தின அணிவகுப்பில் 18 ஏஎம்எக்ஸ்-13 டாங்கிகள் பாடாங் திடலைக் கடந்தபோது மக்கள் வாயைப் பிளந்தார்கள். அவை 15 டன் எடைகொண்ட இலகு ரகம், 75 மில்லிமீட்டர் பீரங்கி. இன்றைய டாங்கி 55 டன்னுக்கு மேல், பீரங்கி 120 மில்லிமீட்டர். டாங்கி வளர்ந்தது, தீவு அந்த அளவுக்கு வளரவில்லை.

ஓட்டுவதாவது பரவாயில்லை. சுடுவதுதான் சிக்கல். 120 மி.மீ. பீரங்கியின் கவசம் துளைக்கும் குண்டு என்பது பெரிய வெடிகுண்டு அல்ல. நீளமான உலோக ஈட்டி. நொடிக்கு 1,600 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் கிளம்புகிறது. ஒல்லியாக இருப்பதால் காற்று அதை அதிகம் தடுப்பதில்லை. இலக்கைத் தவறவிட்டுச் சற்று மேல்நோக்கிப் போய்விட்டால் எங்கே விழும்? பல பத்து கிலோமீட்டர் தள்ளி. சிங்கப்பூரின் கணக்கில் அது ஜோகூரிலோ பாத்தாமிலோ விழுந்து, மறுநாள் தூதரை அழைத்து விளக்கம் கேட்கிற விவகாரம்.

இதற்காகவே பயிற்சிக் குண்டு ஒன்றை வடிவமைத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த சாதனம் அது. உண்மைக் குண்டுக்கு வாலில் சிறகுகள் இருக்கும். பயிற்சிக் குண்டுக்கு அந்த இடத்தில் துளைபோட்ட ஒரு கூம்பு. புறப்பட்ட வேகத்தில் போகும்வரை காற்று அந்தத் துளைகளின் வழியே புகுந்து பின்னால் போய்விடுகிறது. வேகம் ஒரு வரம்புக்குக் கீழே இறங்கியதும், துளைகளின் வாயில் அதிர்வலை வந்து மூடி போல உட்கார்ந்துகொள்கிறது. அந்தக் கணத்திலிருந்து கூம்பு முழுவதும் காற்றை முட்டித் தள்ள வேண்டியிருக்கிறது. குண்டு பாராசூட் விரித்ததுபோல் தளர்ந்துபோகிறது. பயிற்சிக்குத் தேவையான முதல் இரண்டு கிலோமீட்டர் வரை உண்மைக் குண்டைப் போலவே நடந்துகொண்டு, அதன் பிறகு எட்டு கிலோமீட்டருக்குள் தரை தட்டிவிடும். நகரும் உறுப்பு இல்லை, மின்சுற்று இல்லை. எப்போது நிற்க வேண்டும் என்பதைக் காற்றே சொல்கிறது.

ஆனாலும் எட்டு கிலோமீட்டர்! பக்கவாட்டிலும் இடம் வேண்டும். தரையில் பட்டுத் தெறித்துப் போவதற்கும் இடம் வேண்டும். இத்தனைக்கும் இது தனியாக ஒரு டாங்கி சுடுவதற்கு. பக்கத்தில் காலாட்படையோடு கவச வாகனங்கள், பின்னால் பீரங்கிப் படை, மேலே அப்பாச்சி ஹெலிகாப்டர் என்று எல்லோரும் சேர்ந்து, ஒருவர் குண்டு இன்னொருவர் தலையில் விழாமல் முன்னேறிப் பழக வேண்டுமானால் தீவு முழுவதையும் காலி செய்துகொடுத்தாலும் பற்றாது.

அந்த இடம் கிடைப்பது குவீன்ஸ்லாந்தில். ஷோல்வாட்டர் பே பயிற்சி நிலம் ராக்ஹாம்ப்டன் நகரத்துக்கு வடக்கே கடலோரமாக விரிந்து கிடக்கிறது. ஆஸ்திரேலிய அரசு 1965இல் பயிற்சிக்காக எடுத்துக்கொண்ட இடம். சிங்கப்பூரைப்போல் நான்கு மடங்கு என்று சிங்கப்பூர்க்காரர்கள் சொல்வார்கள். எங்களுக்கு உலகத்தில் எதையும் சிங்கப்பூரால் வகுத்தால்தான் மனசுக்குப் பிடிபடும். 1990 முதல் வாலபி பயிற்சி இங்கே நடக்கிறது. சில ஆண்டுகளில் நாலாயிரம் பேருக்கு மேல் கலந்துகொள்கிறார்கள். 2016இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி சிங்கப்பூர் 225 கோடி ஆஸ்திரேலிய டாலர்வரை செலவிட்டு இந்த நிலத்தை விரிவாக்கவும், டவுன்ஸ்வில் பக்கம் கிரீன்வேல் என்ற புதுப் பயிற்சி நிலத்தை உருவாக்கவும் ஒப்புக்கொண்டது. அதற்குப் பதிலாக 25 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 14,000 வீரர்கள்வரை 18 வாரங்கள் அங்கே பயிற்சி பெறலாம். உடன்பாட்டில் என்னென்னவோ எழுதியிருப்பார்கள். என் கண்ணுக்கு அது கடன் பத்திரம். கடன் வாங்கிய பொருள் தூரம்.

அந்தத் தூரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள்? இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் ஓர் இலக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கன்னர், அதாவது பீரங்கியைச் சுடும் வீரர், குறிக்கண்ணாடியின் புள்ளியை இலக்கின்மேல் வைத்து ஒரு பொத்தானை அழுத்துகிறார். லேசர் துடிப்பு போய்ப் பட்டுத் திரும்புகிறது. போய்வர ஆகும் நேரம் நொடியில் பத்து லட்சத்தில் 13 பங்கு. அதிலிருந்து தூரம் தெரிந்துவிடுகிறது. குண்டு அந்த இரண்டு கிலோமீட்டரைக் கடக்க ஒன்றேகால் நொடி ஆகும். அதற்குள் புவியீர்ப்பு அதை ஏழரை மீட்டர் கீழே இழுத்துவிடும். ஏழரை மீட்டர் என்பது இரண்டு மாடிக்கு மேல். இலக்கு மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே ஓடினால், அதே ஒன்றேகால் நொடியில் பன்னிரண்டரை மீட்டர் தள்ளிப் போயிருக்கும். தன் உடல் நீளத்தைவிட அதிகம். ஆக, இலக்கைப் பார்த்துச் சுட்டால் இலக்கில் படாது. மேலேயும் முன்னாலேயும் இருக்கும் வெற்று வெளியைப் பார்த்துச் சுட வேண்டும். இந்தக் கணக்கைக் கணினி போட்டுக் குழாயைத் திருப்பிக்கொள்கிறது. கன்னரின் கண் இலக்கிலேயே இருக்கலாம்.

கணினிக்கு இன்னும் சில சங்கதிகள் தெரிய வேண்டும். வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது, வெடிமருந்தின் வெப்பம் என்ன (சூடான மருந்து வேகமாக எரியும், குண்டும் வேகமாகக் கிளம்பும்), குழாய் எவ்வளவு தேய்ந்திருக்கிறது. இவற்றில் வேடிக்கையானது வெயில். லெப்பர்ட்டின் குழாய் ஐந்து மீட்டருக்கு மேல் நீளம். பார்த்தால் இரும்புத் தூண். அசையாது என்று தோன்றும். நண்பகல் வெயிலில் அதன் முதுகு சூடேறி, அடிப்பக்கத்தைவிடச் சற்றே நீண்டுவிடும். விளைவு, நுனி கீழ்நோக்கி வளைகிறது. சூடான குழாயின்மேல் திடீரென மழை பெய்தால் முதுகு சுருங்கி நுனி மேலே எழும். வளைவு எவ்வளவு? ஒரு மில்லிமீட்டரும் சொச்சமும். அந்தச் சொச்சம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு மீட்டர் பிசகாக வளர்ந்துவிடுகிறது. குழாய்க்குச் சட்டை போட்டதுபோல் ஓர் உறையை மாட்டியிருப்பது இதற்காகத்தான். பல நவீன டாங்கிகளில் குழாயின் நுனியில் சின்னக் கண்ணாடி ஒன்றைப் பொருத்தி, ஒளிக்கதிர் அனுப்பி வளைவைச் சோதிப்பார்கள்.

இங்கே ராணுவத்தினர் கோணத்தை அளக்கும் அலகைச் சொல்லிவிட வேண்டும். அதன் பெயர் மில். ஒரு முழு வட்டத்தை 6,400 ஆகப் பிரித்ததில் ஒன்று. இதன் அழகு, ஒரு மில் என்பது ஒரு கிலோமீட்டர் தூரத்தில் ஏறத்தாழ ஒரு மீட்டர். இரண்டு கிலோமீட்டரில் இரண்டு மீட்டர். வாய்ப்பாடு தெரிந்த யாரும் மனக்கணக்காகப் போடலாம்.

இத்தனையும் வண்டி நின்றுகொண்டிருக்கும்போது. ஓடிக்கொண்டே சுடுவது வேறு வித்தை. ஒரு கோழியைக் கையில் பிடித்து உடம்பை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். தலை ஆணி அடித்ததுபோல் ஒரே இடத்தில் நிற்கும். உடம்பு எவ்வளவு அசைந்தது என்பதைக் காதுக்குள் இருக்கும் உறுப்பு சொல்ல, கழுத்து அதற்கு எதிராக அசைந்து ஈடுகட்டுகிறது. டாங்கியில் காதின் வேலையைச் சுழல்மானிகள் செய்கின்றன. கழுத்தின் வேலையைக் குழாயைத் தூக்கி இறக்கும் எந்திரங்கள் செய்கின்றன. ஜெர்மானியர்கள் லெப்பர்ட்டின் குழாய் நுனியில் பீர் நிரம்பிய கோப்பையை வைத்து மேடு பள்ளத்தில் ஓட்டிக் காட்டியது பிரபலமான வேடிக்கை.

இதையெல்லாம் எந்திரமே செய்கிறதென்றால் ஆளை எதற்குக் கடல் தாண்டி அனுப்ப வேண்டும்? நியாயமான கேள்வி. சிங்கப்பூரிலேயே நல்ல பாவனைக்கூடங்கள் இருக்கின்றன. விரலுக்குப் பழக்கம் வர அவை போதும். மருமகனிடம் இதைக் கேட்டபோது அவன் சொன்னது: “சிமுலேட்டர்ல தூசி வராது மாமா.”

தூசி என்று அவன் சொன்னதை நான் முதலில் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டேன். மழை நின்று பல வாரம் ஆன செம்மண் பாதையில் நான்கு கவச வாகனங்கள் வரிசையாக ஓடினால், இரண்டாவது வண்டியின் ஓட்டுநருக்கு முன்னால் இருப்பது ஒரு சுவர். மூடிய கதவுக்குள் பெரிஸ்கோப் வழியே பார்ப்பவனுக்கு அதுவும் இல்லை. மேலே தலை நீட்டி நிற்கும் வாகனத் தளபதியின் குரல் காதில் கேட்கும். அதை நம்பித்தான் ஓட்ட வேண்டும். 2019இல் படையில் சேர்ந்த ஹண்டர் கவச வாகனத்தில் சுற்றிலும் கேமரா வைத்து, கதவை மூடிக்கொண்டே திரையைப் பார்த்து ஓட்ட வகை செய்திருக்கிறார்கள். பயோனிக்ஸ்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அடுத்தது நிலம். 55 டன் இரும்பு போனால் தரை பிளந்துவிடும் என்று தோன்றும். கணக்குப் போட்டால் கதை வேறு. இரண்டு சங்கிலிப் பட்டைகளும் சேர்ந்து ஆறு சதுர மீட்டருக்கு மேல் தரையைத் தொடுகின்றன. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகூட வராது. நம் வீட்டுக் கார் டயர் அதற்கு இருமடங்குக்கு மேல் அழுத்துகிறது. முதுகில் 30 கிலோ மூட்டையோடு ஒற்றைக் காலை ஊன்றும் வீரனின் அழுத்தம் டாங்கியினுடையதில் பாதிக்குமேல் வரும். சராசரிக் கணக்கு இப்படித்தான் ஏமாற்றும். எடை பட்டை முழுவதும் சமமாக விழுவதில்லை. சாலைச் சக்கரங்களுக்கு நேர் கீழே சராசரியைப்போல் இருமடங்குக்கும் மேல் ஏறுகிறது. சேற்றில் டாங்கி புதைவது அந்த உச்சத்தினால்.

திரும்பும்போது இன்னும் மோசம். காருக்கு முன்சக்கரம் திரும்பும். டாங்கிக்குத் திரும்ப எதுவும் இல்லை. ஒரு பட்டையை வேகமாகவும் மறுபட்டையை மெதுவாகவும் ஓட்டித்தான் திரும்ப வேண்டும். அப்போது பட்டைகள் தரையைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு வழுக்குகின்றன. கலப்பை உழுததைப்போல் மேல்மண் புரண்டுவிடும். நல்ல ஓட்டுநர் பெரிய வளைவாகத் திரும்புவார். அவசரக்காரர் நின்ற இடத்தில் சுழற்றி நிலத்தையும் நாசம் செய்து, சில சமயம் பட்டையையும் கழற்றிக்கொள்வார். கழன்ற பட்டையை மாட்டுவது எப்படி என்று கேட்டேன். கடப்பாரை, சுத்தியல், கெட்ட வார்த்தை மூன்றும் வேண்டும் என்றான்.

சரிவான நிலத்தில் கவச வாகனத்தின் பெரிய எதிரி அதன் சொந்த உயரம்தான். எடை மையம் மேலே இருக்க இருக்கச் சாயும் கோணம் குறையும். மேசையில் சரிவு தெளிவாகத் தெரியும். இரவில், புல் மூடிய பள்ளத்தின் விளிம்பில் தெரியாது. 2017 செப்டம்பரில் இதே ஷோல்வாட்டர் பேயில் இரவுப் பயிற்சியின்போது, 21 வயது தேசிய சேவையாளர் ஒருவர் தன் பயோனிக்ஸைக் கரடுமுரடான இடத்திலிருந்து வெளியே கொண்டுவர வழிகாட்டிக்கொண்டிருந்தார். வாகனத் தளபதி என்பதால் மேல்கதவில் நின்றிருந்தார். வண்டி பக்கவாட்டில் விழுந்தது. அவர் பிழைக்கவில்லை. எங்கள் வீட்டில் அக்கா அந்தச் செய்தியை மறக்கவே இல்லை. மருமகன் அங்கே இருந்த நாட்களில் இரவு எத்தனை மணியானாலும் செல்பேசியைத் தலைமாட்டில் வைத்துத்தான் தூங்கினாள். குவீன்ஸ்லாந்தின் கடிகாரம் இரண்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்பதால், “இந்நேரம் அங்க படுத்திருப்பான்” என்று ஒரு கணக்கு வேறு.

வாலபி பெரும்பாலும் செப்டம்பர் முதல் நவம்பர்வரை நடக்கிறது. அங்கே அது மழைக்கு முந்தைய வறண்ட காலம். சிங்கப்பூரில் வளர்ந்த உடம்புக்கு இந்த வறட்சி ஒரு பொறி. இங்கே வியர்த்தால் சட்டை நனைந்து முதுகில் ஒட்டும். தண்ணீர் குடிக்க வேண்டும் என்று உடம்பே நினைவூட்டும். அங்கே வியர்வை தோலில் தங்காமல் ஆவியாகிவிடுகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். உடம்புக்கு நல்லதுதான். ஆனால் சட்டை காய்ந்தே இருப்பதால் எவ்வளவு இழந்தோம் என்பது தெரியாது. உப்புப் பூத்த வெள்ளைக் கோடு சட்டையில் தெரியும்போதுதான் புரியும். அதனால்தான் மேலதிகாரி எல்லோரையும் நிற்கவைத்துத் தண்ணீர்ப் பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லும் ‘வாட்டர் பரேட்’ அங்கே இன்னும் கண்டிப்பாக நடக்கும்.

வெப்பத்தை வெறும் தெர்மாமீட்டரால் அளக்காமல், ஈரத்துணி சுற்றிய மானி, கறுப்புக் கோள மானி, நிழல் மானி மூன்றையும் 7:2:1 என்ற விகிதத்தில் சேர்த்து ஓர் எண்ணாக்குகிறார்கள். 1950களில் அமெரிக்க மரைன் படை முகாமில் பயிற்சி வீரர்கள் வெப்பத்தில் சுருண்டு விழுந்ததையொட்டி வந்த முறை. எவ்வளவு நேரம் வேலை, எவ்வளவு நேரம் ஓய்வு என்பதை அந்த எண்தான் தீர்மானிக்கிறது. விகிதத்தைப் பாருங்கள்: பத்தில் ஏழு பங்கு ஈரத்துணிக்கு. வெயிலைவிட, வியர்வை ஆவியாக முடிகிறதா என்பதே முக்கியம் என்று அந்த எண் சொல்கிறது.

திசையும் குழப்பும். சிங்கப்பூரில் அக்டோபர் நண்பகலில் சூரியன் சற்றுத் தெற்கே இருக்கும். ஷோல்வாட்டர் பே தெற்கு அட்சரேகை 22 டிகிரிக்கு மேல் இருப்பதால் அதே நேரத்தில் அங்கே சூரியன் வடக்கே நிற்கிறது. நிழல் எதிர்ப்பக்கம் விழும். காந்த ஊசியும் சொந்த ஊரில்போல் நடந்துகொள்ளாது. சிங்கப்பூரில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. ஊசி காட்டியதை அப்படியே நம்பலாம். குவீன்ஸ்லாந்தின் அந்தப் பகுதியில் ஊசி ஒன்பது டிகிரி அளவுக்குக் கிழக்கே விலகும். திருத்தாமல் ஆறு கிலோமீட்டர் நடந்தால் சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளிப்போய் நிற்பீர்கள். ஜிபிஎஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். போரில் எதிரி முதலில் கெடுப்பது அதைத்தான் என்பதால் காம்பஸ் இன்னும் பாடத்தில் இருக்கிறது. சிங்கப்பூரில் தொலைந்துபோனால் பத்து நிமிடத்தில் ஒரு பேருந்து நிறுத்தம் வந்துவிடும். தொலைந்துபோவதற்கே இடம் வேண்டியிருக்கிறது.

இரவுகளைப் பற்றி அவன் ஒரு காட்சி சொன்னான். வெப்பக் குறிக்கண்ணாடியில் உலகம் சாம்பல் நிறம்; சூடானது வெள்ளை. பகல் முழுவதும் வெயில் குடித்த பாறைகள் முன்னிரவில் மங்கலாக ஒளிர்கின்றன. மணி ஆக ஆக அவை அணைகின்றன. அப்போது புல்வெளியில் பத்துப் பன்னிரண்டு வெள்ளைப் புள்ளிகள் எழுந்து நிற்கும். எதிரணி என்று பதறிப்போய் வானொலியைத் தொடுவதற்குள் ஒன்று தாவும். கங்காரு. விடியலிலும் அந்தியிலும் வேறொரு தொல்லை: நிலம் சூடேறும் அல்லது ஆறும் வழியில், அதன் வெப்பமும் வண்டியின் வெப்பமும் ஒரு கட்டத்தில் சமமாகிவிடும். சில நிமிடங்களுக்கு 30 டன் வாகனம் கண்ணெதிரே கரைந்துபோகும். எஞ்சினை ஓடவிடாமல் ஆறவைத்திருந்தால் இன்னும் நன்றாகவே கரையும்.

எதிரணியைச் சுடுவது எப்படி? ஆளை ஆள் சுட்டுக்கொள்ளும் பயிற்சிகளில் பல நாட்டுப் படைகளும் லேசரைப் பயன்படுத்துகின்றன. அமெரிக்கர்கள் 1970களின் இறுதியில் கொண்டுவந்த யோசனை. வெற்றுத் தோட்டா வெடிக்கும்போது துப்பாக்கியில் பொருத்திய சாதனம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புத் துடிப்பை அனுப்பும். எதிராளியின் உடுப்பில் உள்ள உணரி அதை வாங்கி ஒலி எழுப்பும். எந்த ஆயுதம் சுட்டது என்பது துடிப்பின் சங்கேதத்தில் இருக்கும். அதனால் சிறு துப்பாக்கியால் டாங்கியைக் கொல்ல முடியாது. இதில் ஓர் ஓட்டை உண்டு. லேசருக்கு எடை இல்லை. ஏழரை மீட்டர் கீழே விழாது. ஒன்றேகால் நொடி எடுத்துக்கொள்ளாது. நேராகக் குறிவைத்தவன் ஜெயித்துவிடுவான். உண்மைப் பீரங்கியில் அவன் தவறவிட்டிருப்பான். அதாவது பயிற்சி தவறான பழக்கத்தைக் கற்றுத்தரும். பிறகு வந்த கருவிகள் இலக்கில் பொருத்திய பிரதிபலிப்பானிலிருந்து ஒளியைத் திரும்ப வாங்கித் தூரத்தை அளந்து, கற்பனைக் குண்டைக் கற்பனை வளைவில் பறக்கவிட்டு, அது போய்ச்சேரும் நேரத்தில் இலக்கு எங்கே இருக்கிறது என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்கின்றன. ஒளியின் வேகத்தில் போகும் ஒன்றுக்குப் புவியீர்ப்பைச் சொல்லிக்கொடுக்க இவ்வளவு பாடு.

அந்த நிலத்துக்கு உரியவர்களைச் சொல்லாமல் போனால் இந்தக் கணக்கு முழுமையாகாது. அது தாரும்பல் பழங்குடியினரின் மரபு நிலம். ஒட்டியிருக்கும் கடல் பெருந்தடுப்புப் பவளத்திட்டுப் பகுதியைச் சேர்ந்தது. கடற்புல் மேயும் டுகாங்குகளுக்குப் புகலிடம். பாக் நீரிணைக் கரையில் ஆவுளியா என்பார்களே, அதே கடற்பசுதான். ராணுவம் வைத்திருப்பதால்தான் அந்தக் கரை சுரங்கத்துக்கும் விடுதிகளுக்கும் தப்பியது என்று வாதிடுவோர் உண்டு. கரையோர மணலைத் தோண்டும் திட்டம் 1990களின் தொடக்கத்தில் விசாரணைக் குழு ஒன்றின் பரிந்துரையால் நின்றுபோனது உண்மை. ஆனால் 2016 உடன்பாட்டுக்குப் பிறகு, விரிவாக்கத்துக்காகத் தங்கள் நிலத்தைக் கட்டாயமாக எடுத்துக்கொள்வார்களோ என்று சுற்றுவட்டார மாட்டுப் பண்ணைக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். தலைமுறையாக மாடு மேய்த்த இடம். 2017 தொடக்கத்தில், விருப்பமுள்ளவர்களிடம் மட்டுமே நிலம் வாங்குவோம் என்று ஆஸ்திரேலிய அரசு இறங்கிவந்தது. தூரம் என்பது வரைபடத்தில் காலியாகத் தெரியும். கிட்டே போனால் அதில் யாராவது குடியிருக்கிறார்கள்.

மருமகன் திரும்பி வந்த இரண்டாவது ஞாயிறு, குடும்பத்தோடு ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குப் போனோம். அக்கா பாயை விரித்துப் பிரியாணிப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவன் மட்டும் எழுந்து மணல் விளிம்புவரை போய் நின்றான். வழக்கம்போல் கப்பல்கள் வரிசையாக நங்கூரம் போட்டிருந்தன. தீவில் தரைமட்டத்தில் நின்று இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கண் ஓடக்கூடிய இடம் இதைவிட்டால் அதிகம் இல்லை. மற்ற எல்லாத் திக்கிலும் எதிர் பிளாக்கின் பால்கனிதான்.

பக்கத்தில் போய் என்ன பார்க்கிறாய் என்றேன். வலது கையை முழுக்க நீட்டி, இரண்டு விரலைச் சேர்த்துத் தூக்கி ஒரு கண்ணை மூடினான். ஒரு கொள்கலன் கப்பல் முனையிலிருந்து முனைவரை அந்த இரண்டு விரலுக்குள் சரியாக அடங்கியது.

“ஒரு விரல் முப்பது மில். ரெண்டுக்கு அறுபது. கப்பல் நூத்தி எண்பது மீட்டர்னு வெச்சுக்குங்க” என்றான். உதடு மட்டும் அசைந்தது. “மூணு கிலோமீட்டர் மாமா. கொஞ்சம் கூடக் குறைய இருக்கும்.”

பின்னாலிருந்து அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். அவன் விரலை இறக்காமல் அடுத்த கப்பலுக்கு நகர்த்தினான்.